முதல் பக்கத்துப் பெயர்

பழைய புத்தகம் வாங்கும்போது புதிய ஆசாமி விலையைப் பார்ப்பான். அனுபவசாலி முதல் பக்கத்தைப் புரட்டுவான். முன்னாள் சொந்தக்காரரின் கையெழுத்து அங்கேதான் இருக்கும். புத்தகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி, 'இவர் ஏன் இதை விற்றார்?' என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

இப்படிப் பிறர் கைவிட்ட புத்தகங்களையெல்லாம் வாங்கிச் சேர்த்த மனிதர் ஒருவர் இராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தார். அந்த ஜில்லா என்றால் சேதுக்கரையும் இராமேசுவரத்துப் பிராகாரமுந்தான் நமக்கு நினைவு வரும். கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள கோட்டையூரும் 1985 வரை அதைச் சேர்ந்ததுதான். அந்த ஊர்க்காரர் ரோஜா முத்தையா செட்டியார்.

செட்டியார் என்றதும் வட்டிக்கடையை எண்ண வேண்டாம். இவர் சித்திரக்காரர். சென்னையில் கடைகளுக்குப் பெயர்ப் பலகை செய்துகொடுப்பது தொழில். மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில்தான் அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. வர்ணமும் எழுத்தும் பழகிய கண்ணல்லவா? பண்டிதர்கள் மதிக்கும் நூல்களோடு நாடக நோட்டீசுகளும் பாட்டுப் புத்தகங்களும் கலியாணப் பத்திரிகைகளும் அவர் கண்ணில் பட்டன. மரக்கட்டையில் செதுக்கிய படங்களோடு 'பெரிய எழுத்து' கதைப் புத்தகங்கள் வந்த காலம் ஒன்று உண்டு. படித்து முடித்ததும் அவற்றில் பல மளிகைக் கடைக்குப் போய்ப் பொட்டலமாயின. நம்மவர் குப்பை என்று தள்ளிய இந்த வகைக் காகிதத்தைச் சரித்திரம் என்று கண்டுகொண்டதே செட்டியாரின் பெருமை என்பேன்.

சேகரத்தோடு அவர் கோட்டையூருக்குத் திரும்பினார். வீடே நூலகமாயிற்று. ஆராய்ச்சியாளர்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள். சர்க்கார் உதவியா, சங்கத்தின் பணமா, ஒன்றுமில்லை!

1992-இல் அவர் காலமானார். அதன் பிறகுதான் ஆபத்து. சில்லறையாக விற்றிருந்தால் ஒரே மாதத்தில் எல்லாம் சிதறிப் போயிருக்கும். அவருக்குப் பாடசாலையாயிருந்த மூர் மார்க்கெட்டோ 1985-லேயே தீக்கிரையாகிவிட்டது. கடைசியில் சிகாகோ பல்கலைக்கழகம் அனைத்தையும் மொத்தமாக வாங்கியது. தமிழ்நாட்டில் யாரும் முன்வரவில்லையே என்று வருந்தலாம். ஆனால் அவர்கள் அதைக் கப்பலேற்றிக் கொண்டு போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1994-இல் சென்னையிலேயே அவர் பெயரால் நூலகம் அமைந்தது. நைந்த ஏடுகளை நுண்படமெடுத்துக் காத்தார்கள்.

இன்று அங்கே பழைய புத்தகம் ஒன்றைக் கேட்டு வாங்கினால், முதல் பக்கத்தில் யாரோ ஒருவர் மசியால் எழுதிய பெயர் இருக்கக்கூடும். அவருக்கு அடுத்த சொந்தக்காரர் யார் என்பதைப் பார்க்க வாசல் பலகைக்குப் போக வேண்டும்.