சுங்கத் தரகர்

இறக்குமதியாளர் அல்லது ஏற்றுமதியாளரின் சார்பில் சுங்கத்துறையில் ஆவணங்களைத் தாக்கல் செய்து, வரியைக் கணக்கிட்டு, சரக்கை விடுவித்துத் தரும் உரிமம் பெற்றவர் சுங்கத் தரகர். வணிகர்கள் பேச்சில் இவர் ‘கிளியரிங் ஏஜென்ட்’ அல்லது ‘சி.எச்.ஏ.’. சென்னையில் ராஜாஜி சாலையிலுள்ள சுங்க மாளிகையைச் சுற்றி, தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு போன்ற தெருக்களில் இத்தொழிலின் அலுவலகங்கள் நெடுங்காலமாக இயங்கி வருகின்றன. தரகர் இல்லாமலும் ஒருவர் தம் சரக்கை விடுவித்துக்கொள்ளலாம். இணையவழியில் அதற்கு வசதி உண்டு. ஆனாலும் பெரும்பாலானோர் தரகரையே நாடுகின்றனர். சட்டத்தின் நுணுக்கமும், தவறினால் விழும் செலவும் அதற்குக் காரணம்.

உரிமமும் தேர்வும்

இந்தியாவில் இத்தொழிலுக்கு அடிப்படை 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு. 2013 வரை ‘சுங்க மாளிகை முகவர்’ என்றிருந்த பெயர் அவ்வாண்டில்தான் ‘சுங்கத் தரகர்’ என மாறியது. இப்போது நடப்பில் இருப்பவை 2018-ஆம் ஆண்டின் உரிம விதிமுறைகள். உரிமம் கோருபவர் எழுத்துத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தேற வேண்டும். தேறியவர் ‘எஃப் கார்டு’ பெறுவார். அவரிடம் பணிபுரிவோரில், தனித் தேர்வு எழுதி ஆவணங்களில் கையொப்பமிடும் தகுதி பெற்றவர் ‘ஜி கார்டு’ வைத்திருப்பார். உடனிருந்து உதவுபவருக்கு ‘எச் கார்டு’.

இறக்குமதியில்

கப்பல் வருவதற்கு முன்பே தரகரின் வேலை தொடங்கிவிடுகிறது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் ஆகியவற்றை வாங்கி, பொருளின் வகைப்பாட்டை முடிவு செய்து, ‘செக்லிஸ்ட்’ எனப்படும் வரைவைத் தயாரித்து இறக்குமதியாளருக்கு அனுப்புகிறார். அவர் ஒப்புதல் தந்ததும் ‘பில் ஆஃப் என்ட்ரி’ எனப்படும் இறக்குமதி ஆவணம் இணையவழியில் தாக்கலாகிறது. பொதுவாக, சரக்கு வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் இது நடந்தாக வேண்டும். தாமதமானால் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாயும், அதன்பின் நாளொன்றுக்கு 10,000 ரூபாயும் கட்டணம் விழும். சரக்குப் பெட்டக நிலையத்தின் வாடகையும் கப்பல் நிறுவனத்தின் பெட்டகக் கட்டணமும் இதற்கு மேல்.

இத்தொழிலின் உண்மையான அறிவு வகைப்பாட்டில்தான் இருக்கிறது. உலகச் சுங்க அமைப்பு வகுத்த ஆறு இலக்கக் குறியீட்டை இந்தியா எட்டு இலக்கமாக விரித்துப் பயன்படுத்துகிறது. எந்தப் பொருள் எந்தக் குறியீட்டில் அடங்கும் என்பது வெளியிலிருந்து பார்க்கத் தோன்றும் அளவுக்கு எளிதல்ல. சிறிய பொட்டலங்களில் விற்கப்படும் தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, தலைமுடி எண்ணெயா என்ற கலால் வழக்கு, இதே குறியீட்டு முறையின் அடிப்படையில் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2018-இல் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு எழுதினர். 2024 டிசம்பரில்தான், பொட்டலம் சிறிது என்பதாலேயே அது தலைமுடி எண்ணெய் ஆகிவிடாது என்று மூன்று நீதிபதிகள் அமர்வு முடிவு சொன்னது. நாம் அன்றாடம் புழங்கும் ஒரு பொருளுக்கே இந்த நிலை என்றால், இயந்திர உதிரிப்பாகங்களுக்கும் வேதிப்பொருள்களுக்கும் குறியீடு தேர்பவரின் பொறுப்பை உணரலாம்.

குறியீடு முடிவானதும் கணக்கு. மதிப்பீட்டுத் தொகை 1,00,000 ரூபாய், அடிப்படைச் சுங்க வரி 10 விழுக்காடு என்று கொள்வோம். வரி 10,000. அதன் மீது சமூக நலக் கூடுதல் வரி 10 விழுக்காடு, அதாவது 1,000. இவற்றையெல்லாம் கூட்டி வரும் 1,11,000 ரூபாயின் மீது ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு என்றால் 19,980. ஆக மொத்தம் 30,980 ரூபாய். குறியீடு மாறினால் இதன் ஒவ்வொரு வரியும் மாறும்.

2011 முதல் வரியை இறக்குமதியாளரே சுயமாக மதிப்பிட்டு அறிவிக்க வேண்டும். 2020 ஜூன் 8 அன்று பெங்களூரிலும் சென்னையிலும் தொடங்கி, அதே ஆண்டு அக்டோபர் இறுதிக்குள் நாடு முழுவதும் பரவிய முகமறியா மதிப்பீட்டில், சென்னையில் இறங்கும் சரக்கின் பில்லை வேறு நகரத்து அதிகாரி பார்க்கலாம். ஒரு காலத்தில் அதிகாரியின் மேசை முன் நின்று நேரில் விளக்கிய தரகர், இன்று எழுத்திலேயே விளக்கியாக வேண்டும். ஆளைத் தெரியும் என்பதை வைத்து நடந்த தொழில், சட்டம் தெரியும் என்பதை வைத்து நடக்கத் தொடங்கியது இதனால்தான். இது வரவேற்க வேண்டிய மாற்றம். மதிப்பீடும், தேவைப்பட்டால் பரிசோதனையும் முடிந்து, வரியும் கட்டிய பிறகு ‘அவுட் ஆஃப் சார்ஜ்’ உத்தரவு கிடைக்கும். அதன்பிறகே சரக்கை வெளியே எடுக்கலாம்.

ஏற்றுமதியில்

இங்கே முதன்மை ஆவணம் ‘ஷிப்பிங் பில்’. திருப்பூரிலிருந்து தூத்துக்குடித் துறைமுகம் வழியே செல்லும் பின்னலாடைக்கு, குறியீடு, அளவு, மதிப்பு, கோரும் சலுகை ஆகிய அனைத்தும் இதில் இடம்பெற வேண்டும். சலுகை கோருகிறோமா என்பதற்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ எனக் குறிக்கும் ஒற்றை எழுத்துக் கட்டம் ஒன்று உண்டு. முந்தைய ஏற்றுமதி ஊக்கத் திட்டத்தில் ‘ஆம்’ என்பதற்குப் பதிலாக ‘இல்லை’ என்று விழுந்ததால் பலருக்குச் சலுகை நின்றுபோனது. கைத்தவறுக்காகச் சலுகையை மறுக்கலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உட்பட சில உயர் நீதிமன்றங்கள் நிவாரணம் அளித்தன. ஒரு எழுத்துக்காக நீதிமன்றப் படி ஏறும் நிலை எந்தச் சிறு ஏற்றுமதியாளருக்கும் வரக்கூடாது.

பொறுப்பின் எல்லை

தரகர் வணிகரிடம் கூலி பெறுகிறார். ஆனால் அரசுக்கும் கடமைப்பட்டவர். கட்சிக்காரரிடம் எழுத்துப்பூர்வ அதிகாரம் பெறுவது, அவருடைய இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண்ணையும் ஜி.எஸ்.டி. எண்ணையும் முகவரியையும் சரிபார்ப்பது, சட்டத்துக்கு உட்பட்டு நடக்குமாறு அறிவுறுத்துவது, அவர் கேட்காவிட்டால் சுங்க அதிகாரிக்குத் தெரிவிப்பது, ஐந்து ஆண்டுகளுக்குப் பதிவேடுகளைப் பாதுகாப்பது ஆகியவை 2018 விதிமுறைகள் சுமத்தும் கடமைகள். தவறினால் 50,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், உரிமத்தை இடைநிறுத்தலாம், ரத்தும் செய்யலாம். சுங்கச் சட்டத்தின்படி தண்டமும் வரலாம்.

அந்தக் கடமை எதுவரை நீள்கிறது என்பதில் ஓயாத வாதம் உண்டு. தரகர் ஆவணங்களைக் கையாள்பவரே அன்றி, வணிகத்தின் உண்மைத்தன்மையைத் துருவும் ஆய்வாளர் அல்லர் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2017-இல் கூறியது. அதற்கு முந்தைய ஆண்டு உச்ச நீதிமன்றம், வணிகரும் அரசும் ஒருசேர நம்பிக்கை வைக்கும் இடத்தில் இருப்பவர் என்று தரகரின் பொறுப்பை வலியுறுத்தியது. பெட்டகத்துக்குள் ஒளித்து வைத்ததைத் தரகர் கண்டறிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. முகவரி போலி என்பதைக்கூடப் பார்க்காமல் கையொப்பமிடுபவரை மன்னிப்பதும் நியாயமல்ல.

வணிகரும் எளிதில் தப்பிக்க முடியாது. சுங்கச் சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி, மாறாக நிரூபிக்கப்படாத வரை, முகவர் செய்ததை உரிமையாளரின் அறிவோடும் இசைவோடும் செய்ததாகவே சட்டம் கொள்ளும். எனவே புதிதாக இறக்குமதி, ஏற்றுமதி தொடங்குவோர் தரகரின் உரிமம் நடப்பில் உள்ளதா எனப் பார்த்து, அவர் அனுப்பும் செக்லிஸ்ட்டை வரிவரியாகப் படித்த பிறகே ஒப்புதல் தர வேண்டும்.