ரொக்கமும் தவணையும்

அரண்மனைகளுக்கு வரலாறு எழுதுவோர் பலர். கோயில்களுக்குத் தலபுராணம் பாடியோர் அதனினும் பலர். கடைக்கு ஏது வரலாறு என்று கேட்டால், உண்டு என்போம் நாம். ஒரு கடையின் வாயிலில் நின்று, உள்ளே நுழைந்தவர் யார், வெளியே நின்றவர் யார் என்று கணக்கெடுத்தால் போதும். நாட்டின் சமுதாய வரலாறே கிடைத்துவிடும்.

சைதாப்பேட்டையிலிருந்து புறப்படுவோம். ஆர்மீனிய வணிகர் பீட்டர் உஸ்கான் 1726-இல் தம் பொருளைச் செலவிட்டு அடையாற்றின்மீது பாலம் அமைத்த இடம் அது. அங்கிருந்து கோட்டைத் திசை நோக்கிச் செல்லும் சாலைதான் மவுண்ட் ரோடு. 1969-இல் அறிஞர் அண்ணா மறைந்தபின் அண்ணா சாலை ஆயிற்று. அச்சாலையில் நிற்கும் பழங்கட்டடங்களுள் ஒன்று 'விக்டரி ஹவுஸ்'. அதன் கதையைத்தான் கேட்கப் போகிறோம்.

முதலில் அது 'ஒயிட்வே லெய்ட்லா' நிறுவனத்தின் கடை. ராபர்ட் லெய்ட்லா என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1882-இல் கல்கத்தாவில் தொடங்கிய நிறுவனம் அது. பம்பாய், சென்னை, கொழும்பு, சிங்கப்பூர், ஷாங்காய் என்று அதன் கிளைகள் படர்ந்தன. யூனியன் ஜாக் பறந்த இடமெல்லாம் அதன் விளம்பரப் பலகையும் தொங்கிற்று எனலாம். துணியும் தொப்பியும் காலணியும் கப்பலேறி வந்தன. நாணயம் கப்பலேறிச் சென்றது.

அக்காலத்து ஆங்கிலேயக் கடைகளில் துண்டுச் சீட்டில் கையெழுத்திட்டுக் கடனாகப் பொருள் பெறுவது துரைமார் வழக்கம். ஒயிட்வே அதை ஏற்கவில்லை. ரொக்கம் கொடு, பொருளை எடு என்பதே அதன் சட்டம். ஊரார் அதன் பெயரையே திரித்து, 'ரைட் அவே அண்ட் பெய்ட் ஃபார்' என்று கேலி பேசினர். உடனே வாங்கு, உடனே பணத்தைக் கட்டு என்பது பொருள். வெள்ளையனுக்கே கடனில்லாத கடையில் கூலிக்காரனுக்கு வேலை என்ன? 'உள்ளே வராதே' என்று பலகை எழுதி மாட்ட வேண்டிய தேவையே இல்லை. விலைச்சீட்டே வாயிற்காவலனாக நின்றது!

காலம் மாறிற்று. கட்டடம் 'சுதேசமித்திரன்' கைக்கு வந்தது. ஜி. சுப்பிரமணிய அய்யர் அதே 1882-இல் சென்னையில் தொடங்கிய ஏடு அது, 1899-இல் நாளேடாயிற்று. விதவை மறுமணத்தை ஏட்டில் ஆதரித்ததோடு நில்லாமல், 1889-இல் தம் விதவை மகளுக்கே மறுமணம் செய்துவைத்தவர் அய்யர். சொல்லையும் செயலையும் ஒன்றாக்கிய அத்துணிவை யாரிடம் கண்டாலும் போற்றுவது நம் கடன். சீமைத் துணி விற்ற மாளிகையில் சுதேசியின் பெயர் தாங்கிய ஏடு! வரலாறும் சில வேளை நகைச்சுவை உணர்வோடு நடந்துகொள்கிறது.

மூன்றாவது மாற்றமே நம்மை வியக்கவைப்பது. தென்கோடியிலிருந்து சென்னைக்கு வந்து, சைதாப்பேட்டையில் எளிய அளவில் வாணிபம் தொடங்கிய வி. ஜி. பன்னீர்தாசின் நிறுவனம் அக்கட்டடத்தில் குடியேறிற்று. கடிகாரமும் வானொலியும் மின்விசிறியும் தவணைமுறையில் விற்றுப் பெயர் பெற்ற நிறுவனம் அது. கடனே கிடையாது என்று முழங்கிய மாளிகையில், மாதந்தோறும் சிறுகச் சிறுகக் கட்டலாம் என்ற குரல் எழுந்தது. எழுத்தர், ஆசிரியர், ஆலைத் தொழிலாளர் ஆகியோர் தயங்காமல் படியேறினர். பரம்பரைச் சொத்து இல்லையெனினும், மாத ஊதியமும் நாணயமும் போதும் என்றாயிற்று. வானொலிப் பெட்டி செல்வர் வீட்டுக் கூடத்தை விட்டு ஓட்டுவீட்டுத் திண்ணைக்கு இறங்கி வந்தது. இது சிறு மாறுதலா? செல்வர்க்கே உரியது என்றிருந்த ஒன்று உழைப்பவனுக்கும் உரியதாவது சமத்துவத்தின் ஒரு படியன்றோ?

ஆயினும், பகுத்தறிவாளன் படியேறுவதோடு நின்றுவிடலாகாது. கணக்கும் பார்க்க வேண்டும். ஒரு பொருளின் ரொக்க விலை 100 ரூபாய் என்று கொள்வோம். மாதம் 12 ரூபாய், பத்துத் தவணை என்றால் கட்டுவது 120. 'இருபதே ரூபாய்தானே!' என்று தோன்றும். ஆனால் மாதந்தோறும் கடன் குறைந்துகொண்டே வருகிறது. பத்து மாதமும் முழு நூறு நம் கையில் இருப்பதில்லை. அதைக் கருதிக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 40 விழுக்காட்டையும் தாண்டும்! வட்டிக்கடைக்காரனைக் கண்டு அஞ்சும் நாம், வண்ணப் பலகையைக் கண்டு மயங்குவது அறிவுடைமை ஆகுமா?

இன்று தவணை கைப்பேசிக்குள்ளேயே புகுந்துவிட்டது. விரலால் தொட்டால் கடன். பொருள் வீடு தேடி வருகிறது. சைதாப்பேட்டைக் கடைத்தெருவில் நிற்கும் இளைஞனுக்கு எந்தக் கதவும் இன்று அடைபட்டிருக்கவில்லை. அது வெற்றிதான். ஆனால், திறந்த கதவெல்லாம் விடுதலைக்கு இட்டுச் செல்வதில்லை.

ரொக்கம் கேட்டு வெளியே நிறுத்தியது ஒரு காலம். கடன் கொடுத்து உள்ளே அழைப்பது இக்காலம். வெளியே நிற்கும் இழிவும் வேண்டாம். உள்ளே சென்று கட்டுண்டு கிடக்கும் அடிமைத்தனமும் வேண்டாம். கையெழுத்திடுமுன் கணக்கிடுவோம், தோழர்களே! தலைநிமிர்ந்து நுழைந்த கடையிலிருந்து தலைநிமிர்ந்தே வெளியேறுவோம்!