ரேடியேட்டர் ஃபேனும் ஒரு ஸ்பேனரும்: காரைக் குளிரவைத்த கதை

ஒரு காரின் பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு ஃபேன் தெரியும். சில கார்களில் இரண்டு இருக்கும். பிளாஸ்டிக் இறக்கைகள், நடுவில் ஒரு சின்ன மோட்டார், அதற்கு வரும் ஒயர். அவ்வளவுதான். வீட்டுக் கூரையில் சுற்றும் ஃபேனை விடச் சிறியது. ஆனால் அது சுற்றாமல் நின்றுவிட்டால் டிராஃபிக்கில் நிற்கும் கார் சூடாகும், கூலண்ட் கொதிக்கும். கவனிக்காமல் ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போகும், சிலிண்டர் ஹெட் வளையும். கடைசியில் எஞ்சினையே பிரிக்க வேண்டியதுதான்!

ஃபேன் போனதும் கார் வைத்திருப்பவர் மனதில் வரும் முதல் கேள்வி: ஷெட்டில் விடுவதா, அல்லது ஃபேனை வாங்கி வந்து வீட்டு வாசலிலேயே மாற்றிவிடுவதா? கூலி மிச்சமாகுமே! சாதாரணமான பணக் கணக்கு போலத்தான் தெரிகிறது. ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் 130 வருடங்களுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

தண்ணீர் குடித்த கார்

1886 ஜனவரி 29 அன்று ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அந்த வண்டியில் இன்று நாம் அறிந்த ரேடியேட்டரும் இல்லை, ஃபேனும் இல்லை. சிலிண்டரைச் சுற்றி தண்ணீர் இருக்கும். எஞ்சின் சூட்டில் அது கொதித்து ஆவியாகப் போகும். போகப் போக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சோற்றுப் பானை கொதிப்பது போலத்தான்.

1888 ஆகஸ்ட் மாதம் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல், தன் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அந்த வண்டியை ஓட்டிச் சென்றார். தூரம் சுமார் 100 கி.மீ. வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் வாங்கினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தும் ஊசியால் அடைப்பை எடுத்தார். பிரேக் தேய்ந்தபோது செருப்பு தைப்பவரிடம் சொல்லி தோல் வைக்கச் செய்தார்.

அன்று உலகத்தில் மெக்கானிக் ஷெட் என்று ஒன்றே கிடையாது. ஆக, முதல் நெடுந்தூர கார் பயணமே சொந்தக் கையால் ரிப்பேர் பார்த்துக்கொண்டு போன பயணம்தான்!

ஃபேன் வந்தது எப்படி?

பெட்ரோல் எஞ்சினின் குணம் ஒன்று உண்டு. எரிபொருளில் உள்ள சக்தியில் சிறு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மீதியில் பெரும்பகுதி சூடாகப் புகை வழியாகவும், எஞ்சின் உடம்பு வழியாகவும் வெளியேறியாக வேண்டும். எஞ்சினின் குதிரைத் திறன் கூடக்கூட இந்தச் சூடும் கூடும். பானையில் தண்ணீர் கொதிக்கவிடும் முறை பெரிய எஞ்சினுக்குப் போதவில்லை.

இதற்கு நல்ல வழி கண்டவர் டைம்லர் நிறுவனத்தின் வில்ஹெல்ம் மேபாக். எமில் ஜெலினெக் என்ற வியாபாரி கேட்டபடி அவர் வடிவமைத்து 1901-ல் ஓடத் தொடங்கிய கார்தான் 35 குதிரைத் திறன் மெர்சிடிஸ். மெர்சிடிஸ் என்பது ஜெலினெக்கின் மகள் பெயர். அந்தக் காரின் முன்னால் தேன்கூடு போன்ற ரேடியேட்டர் இருந்தது. 6 மி.மீ. சதுரமுள்ள 8,070 சிறு குழாய்களை அடுக்கிச் செய்தது. குழாய்களுக்குள் காற்று போகும், அவற்றுக்கு இடையில் தண்ணீர் ஓடும். அதே தண்ணீர் மறுபடி மறுபடி குளிர்ந்து சுற்றிவரும். ஊற்றிக்கொண்டே இருக்கும் வேலை குறைந்தது.

கார் வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும். மெதுவாக ஊரும்போதும், மேடு ஏறும்போதும், நிற்கும்போதும்தான் சிக்கல். எஞ்சின் சூடாகிக்கொண்டே இருக்கும், காற்று வராது. அதற்காக ரேடியேட்டருக்குப் பின்னால் மேபாக் ஒரு ஃபேனை வைத்தார். இன்றைய காரிலும் ஃபேனின் வேலை இதுவேதான்.

ஏழை விவசாயியும் மாடல் டி-யும்

அடுத்த கட்டம் அமெரிக்காவில். 1908 அக்டோபரில் ஹென்றி ஃபோர்டின் மாடல் டி வந்தது. ஆரம்ப விலை 850 டாலர். 1925-ல் அதன் மலிவான வகை 260 டாலருக்கு இறங்கியது. 1927-ல் தயாரிப்பு நிற்பதற்குள் ஒன்றரைக் கோடி கார்கள் விற்றன.

முதலில் வந்த சில கார்களைத் தவிர மற்ற மாடல் டி-க்களில் தண்ணீர் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும் என்ற இயற்கை விதியை நம்பியே அது ஓடியது. ரேடியேட்டருக்குப் பின்னால் எஞ்சினோடு பெல்ட் போட்டு இணைத்த ஒரு ஃபேன். பெல்ட் தளர்ந்தால் இறுக்கலாம், அறுந்தால் வேறு போடலாம்.

வாங்கியவர்களில் பெரும் பங்கினர் பட்டணத்திலிருந்து தொலைவில் இருந்த விவசாயிகள். டீலரைத் தேடி ஓட முடியாது. ஃபோர்ட் நிறுவனம் கேள்வி-பதில் வடிவத்தில் கையேடு அச்சிட்டுக் கொடுத்தது. எந்தக் காரின் உதிரிபாகமும் அதே மாடல் வேறு காருக்குப் பொருந்தும். இதுதான் முக்கியமான விஷயம். அளவு ஒன்றாக இருந்ததால்தான் ஒரு பாகத்தை வாங்கி வந்து வீட்டிலேயே மாற்றுவது சாத்தியமானது. மலிவாகத் தயாரிப்பதற்காகக் கொண்டுவந்த முறை, மலிவாக ரிப்பேர் பார்க்கவும் உதவியது.

பெல்ட்டிலிருந்து மின்சாரத்துக்கு

பெல்ட்டில் சுற்றும் ஃபேனுக்கு ஒரு பெரிய குறை உண்டு. எஞ்சின் வேகம் கூடினால் ஃபேன் வேகமும் கூடும். ஆனால் கார் வேகமாகப் போகும்போதுதான் ஃபேனே தேவையில்லையே! இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஃபேனின் வேகம் இரண்டு மடங்கானால் அதைச் சுற்றத் தேவையான சக்தி எட்டு மடங்காகும். தேவையில்லாத நேரத்தில்தான் அது அதிகமாகப் பெட்ரோல் குடிக்கும். நெரிசலில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது, தேவைப்படும் காற்றைத் தராது. வேலை இல்லாத நாளில் ஓவர்டைம் கேட்டு, வேலை இருக்கும் நாளில் லீவு போடும் ஆள் மாதிரி!

1959-ல் பிரிட்டனில் அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மினி வந்தது. எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, முன் சக்கரங்களையே ஓட்டவைத்தார். சின்ன காரில் நிறைய இடம் கிடைத்தது. ஆனால் எஞ்சின் திரும்பியதும் அதோடு ஃபேனும் திரும்பிவிட்டதே? ஆகவே ரேடியேட்டரைப் பக்கவாட்டில் வைத்து, காற்றைச் சக்கரத்தின் பக்கம் தள்ளவிட்டார்.

இத்தாலியில் ஃபியட்டின் டான்டே ஜியாகோசா வேறு வழியில் போனார். 1964-ல் வந்த ஆட்டோபியாஞ்சி ப்ரிமூலாவிலும், 1969-ல் வந்த ஃபியட் 128-லும் எஞ்சின் குறுக்காகத்தான் இருந்தது. ஆனால் ரேடியேட்டர் முன்னாலேயே இருந்தது. ஃபேனுக்குத் தனியாக ஒரு மின்சார மோட்டார். தண்ணீர் குறிப்பிட்ட சூட்டைத் தொட்டால் ஒரு சுவிட்ச் அதை ஓடவைக்கும், ஆறினால் நிறுத்தும். எஞ்சினுக்கும் ஃபேனுக்கும் இருந்த பந்தம் அறுந்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோலை மிச்சப்படுத்தும் சின்ன கார்களுக்கு மவுசு கூடியபோது இந்த அமைப்பு உலகமெங்கும் பரவியது. இந்தியாவில் இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்கலாம். அம்பாசிடரில் பெல்ட் ஃபேன், 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ல் மின்சார ஃபேன்.

இந்த மாற்றம் வீட்டு மெக்கானிக்குக்கு லாபமாகவே முடிந்தது. மின்சார ஃபேன் என்பது தனியாகக் கழற்றக்கூடிய ஒரு தொகுதி. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, எஞ்சின் நன்றாக ஆறியபின், ஃபேனின் ஒயர் சாக்கெட்டைப் பிரித்து, சட்டத்தின் போல்ட்டுகளை எடுத்தால் பல கார்களில் ஃபேன் கையோடு வந்துவிடும். பேட்டரி ஒயரைக் கழற்றாமல் கை வைப்பது ஆபத்து. சாவியை எடுத்த பிறகும் சூட்டைப் பார்த்து தானாகச் சுற்றத் தொடங்கும் ஃபேன்கள் உண்டு. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறப்பது அதைவிட ஆபத்து. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் காத்திருக்கும். மூடி திறந்த கணத்தில் மேலே பீறிட்டு அடிக்கும்.

இலங்கையில் பிறந்த ஒரு ஆசிரியர்

செய்ய முடியும் என்பது ஒன்று, எப்படிச் செய்வது என்று தெரிவது இன்னொன்று. அந்த இடைவெளியை நிரப்பியவர்களில் முக்கியமானவர் ஜான் ஹெய்ன்ஸ். 1938-ல் இலங்கையில், தேயிலைத் தோட்ட மேலாளரின் மகனாகப் பிறந்தவர். இங்கிலாந்தில் பள்ளியில் படித்தபோதே பழைய ஆஸ்டின் 7 காரைப் பிரித்துப் புது உருவில் கட்டி, அதைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதி விற்றார். பிறகு பிரிட்டிஷ் விமானப் படையில் ஏடனில் இருந்தபோது, நண்பர் வாங்கிய ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட்டைப் பிரித்துச் சேர்க்க உதவினார். கம்பெனி தந்த கையேடு சாதாரண ஆளுக்குப் பயன்படாது என்று அவருக்கு அப்போது புரிந்தது. ஒவ்வொரு கட்டத்தையும் புகைப்படம் எடுத்து அவர் செய்த கையேடு 1966-ல் வெளிவந்தது.

ஹெய்ன்ஸ் கையேடுகளின் முறை எளிமையானது. காரை உண்மையிலேயே முழுக்கப் பிரித்து மறுபடி மாட்டிப் பார்த்த பிறகுதான் எழுதுவது. உலகமெங்கும் 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றன. ஹெய்ன்ஸ் 2019-ல் காலமானார். 2020-ல் அந்த நிறுவனம் புது கார்களுக்கு அச்சுக் கையேடு போடுவதை நிறுத்துவதாக அறிவித்தது.

கூலி மட்டுமா மிச்சம்?

இங்கே ஒரு வணிகவியல் பாடம் இருக்கிறது. ரிப்பேர் பில்லில் பாகத்தின் விலை, கூலி என்று இரண்டு வரிகள்தான் தெரியும். தெரியாத மூன்றாவது ஒன்று உண்டு: 'எது போயிருக்கிறது' என்ற தீர்ப்பு. ஃபேன் சுற்றவில்லை என்றால் மோட்டார் போயிருக்கலாம். ஆனால் ஃபியூஸ், ரிலே, சூட்டை அறியும் சென்சார், துருப்பிடித்த ஒயர் முனை இவற்றில் ஒன்றாகவும் இருக்கலாம். ஃபியூஸின் விலை எங்கே, ஃபேனின் விலை எங்கே! ஃபேனைக் கழற்றி பேட்டரியோடு நேரடியாக இணைத்துப் பார்த்தாலே மோட்டாருக்கு உயிர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். (நவீன கார்கள் சிலவற்றில் ஃபேனுக்குள்ளேயே கட்டுப்பாட்டு மின்னணு இருப்பதால் அங்கே இந்தச் சோதனை ஆகாது.)

பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பழைய கார் சந்தையை வைத்துத்தான் பேசுகிறது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் சந்தையே கெட்டுப்போகும் என்று காட்டினார். 2001-ல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ரிப்பேர் ஷெட்டிலும் அதே கதைதான். நல்ல மெக்கானிக்குகள் ஏராளம். ஆனால் அவர் நல்லவரா என்று அறிய வாடிக்கையாளருக்கு வழியில்லை என்பதே பிரச்சினை. பானெட்டைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் வேலையை ஷெட்டில் கொடுத்தாலும் ஏமாற மாட்டார். வீட்டு ரிப்பேரின் பெரிய லாபம் அந்த அறிவுதான். ஒருநாள் கூலி மிச்சமாவது அதற்கு அடுத்துத்தான்.

சட்டத்தின் வாசலில்

கம்ப்யூட்டர் காருக்குள் வந்தபின் நிலைமை மாறியது. ஃபேனை எப்போது சுற்றுவது என்பதை எஞ்சின் கம்ப்யூட்டரே முடிவு செய்தது. கோளாறு வந்தால் எண்ணாகப் பதிவு செய்தது. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து பொதுவான கோளாறு எண் முறை கட்டாயமானது. ஒரு சின்ன ஸ்கேனர் வைத்திருப்பவர் எவரும் அந்த எண்ணைப் படிக்கலாம்.

ஆனால் எல்லாத் தகவலும் வெளியே வரவில்லை. தகவலுக்காகச் சண்டை தொடர்ந்தது. 2012-ல் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள், டீலருக்குத் தரும் ரிப்பேர் தகவலை காரின் உரிமையாளருக்கும் தனி ஷெட்டுகளுக்கும் தரவேண்டும் என்று சுமார் 86 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 2014-ல் கார் கம்பெனிகள் அதை நாடு முழுவதற்கும் ஏற்று ஒப்பந்தம் போட்டன. கார் கம்பியில்லாமல் கம்பெனிக்கு அனுப்பும் தகவலுக்கும் இதே உரிமை வேண்டும் என்று 2020-ல் மறுபடி வாக்கெடுப்பு நடந்து, சுமார் 75 சதவீத ஆதரவு கிடைத்தது. கம்பெனிகள் வழக்குப் போட்டன. இந்தியாவிலும் 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை ரிப்பேர் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது.

பெட்ரோல் எஞ்சினே இல்லாத மின்சார கார்களிலும் ரேடியேட்டரும் ஃபேனும் இருக்கின்றன. பேட்டரியும் மின்னணுப் பாகங்களும் சூடாகத்தானே செய்யும்? அங்கே உயர் மின்னழுத்த ஒயர்கள் இருப்பதால் பயிற்சி இல்லாதவர் கை வைக்கக்கூடாத இடங்கள் அதிகம். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று உரிமையாளருக்குச் சொல்லும் கையேடு அந்தக் கார்களுக்குத்தான் கூடுதலாகத் தேவை. பெர்த்தா பென்ஸ் வழியில் தண்ணீர் ஊற்றியபோது அவருக்கு யாரும் தடை சொல்லவில்லை. இன்று சொந்தப் பணத்தில் வாங்கிய காரைத் திறந்து பார்க்க வாக்கெடுப்பும் வழக்கும் வேண்டியிருக்கிறது.