விலை பேசப்பட்ட வீரம்

மேடையில் இருவர் மோதுகின்றனர்; இரத்தம் சிந்துகின்றனர். பணமோ, மேடையேறாத மூன்றாமவன் பெட்டிக்குப் போய்ச் சேருகிறது! குத்துச்சண்டை உலகின் இந்தக் கொடுமையை அம்பலமாக்கிய அமெரிக்கத் திரைப்படம், 1947ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பாடி அண்ட் சோல்’. ஆபிரகாம் பொலான்ஸ்கி எழுதினார். ராபர்ட் ராசன் இயக்கினார்.

கதைத் தலைவன் சார்லி, நியூயார்க் நகரத்து ஏழை யூத இளைஞன். தந்தை மாண்டார், தாய் பிறர் உதவிக்குக் கையேந்தும் நிலை. பொறுக்கவில்லை அவன் உள்ளம்! கையுறை அணிந்தான், பொருள் குவித்தான். ஆனால், அவனை ஆட்டிவைத்தவன் ராபர்ட்ஸ் என்னும் சூதாட்ட முதலாளி. மூளையில் இரத்தக்கட்டியுடன் இருந்த நீக்ரோ வீரன் பென்னை, அந்த உண்மையைச் சார்லியிடம் மறைத்து, அவனோடு மோதவிட்டவனும் அவனே!

இறுதியில் சார்லிக்கும் விலை பேசப்படுகிறது: “தோற்றுக்கொடு, தொகை பெற்றுக்கொள்!” இசைந்தவன், கடைசிச் சுற்றில் இசைவை உதறி வெல்கிறான்.

கற்பனைதானே என்பீர்களா? அதே 1947ஆம் ஆண்டு, நவம்பர் 14ஆம் நாள், நியூயார்க்கில் பில்லி பாக்சிடம் தோற்றார் ஜேக் லமாட்டா. வேண்டுமென்றே தோற்றதாக, 1960இல் அமெரிக்க செனட் துணைக்குழுவின் முன் அவரே ஒப்புக்கொண்டார். உலகப் பட்டத்துக்குப் போட்டியிடும் வாய்ப்பே அவர் எதிர்பார்த்த விலை!

படத்தில் வந்த சோதனை, படம் எடுத்தவர்களையும் தேடி வந்தது. பொதுவுடைமையர் என்ற ஐயத்தால் திரையுலகினரை விசாரித்தது அமெரிக்கப் பாராளுமன்றக் குழு. “தோழர்களைக் காட்டிக்கொடு, தொழிலைக் காப்பாற்றிக்கொள்!” இதுவே பேரம். சார்லியாக நடித்த ஜான் கார்பீல்டு, 1951இல் எவர் பெயரையும் சொல்லவில்லை, வாய்ப்புகள் அடைபட்டன. 1952 மே மாதம், 39ஆம் வயதில், மாரடைப்பால் மாண்டார். பென்னாக நடித்த கனடா லீ, உண்மையிலேயே முன்னாள் குத்துச்சண்டை வீரர். வேலை மறுக்கப்பட்டு வாடிய அவரும் அதே மாதம் மறைந்தார். பொலான்ஸ்கி மறுத்தார், பல்லாண்டுகள் தம் பெயரால் திரைக்கு எழுத இயலாதவரானார்.

ராசன்? 1951இல் மறுத்தவர், 1953இல் ஐம்பதுக்கு மேற்பட்டோரின் பெயர்களைச் சொன்னார். மீண்டும் படம் இயக்கினார்!

அவரை இகழ்வதற்காக இதை எழுதவில்லை. பிறருடைய பிழைப்பைக் கைப்பிடியில் வைத்திருப்பவன், அவர்தம் மனச்சான்றுக்கும் விலை குறிக்கிறான் என்பதை உணர்த்தவே எழுதுகிறேன். விலை போகாத வீரனுக்குக் கைதட்டுவது எளிது, தோழர்களே! எவரும் விலைபோக நேராத வாழ்வைச் சமைப்பதன்றோ கடினம்? அந்தக் கடினத்தையே நம் கடமையாகக் கொள்வோம்!