படைவிட்டோரின் மருந்தும் பதிவேடும்: பழவேற்காடு முதல் திருப்பாச்சூர் வரை

பழவேற்காட்டில் மீனவர் குடியிருப்புகளுக்கு நடுவே இன்று புதர் மூடிய மேடாகக் கிடக்கும் கெல்ட்ரியா கோட்டை, 1613இல் கட்டப்பட்டு, 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கடற்கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாக நடுவமாக விளங்கியது. அதன் வணிகமும் துணி ஏற்றுமதியும் வெடிமருந்துத் தொழிலும் விரிவாக ஆராயப்பட்ட அளவுக்கு, அந்தக் கோட்டையைக் காத்த சம்பளச் சிப்பாய்கள் நோயுற்றபோதும் உறுப்பிழந்தபோதும் பணிக்காலம் முடிந்தபோதும் என்ன ஆனார்கள் என்பது ஆராயப்படவில்லை. கம்பெனியின் ஒப்பந்தப்படி படைவீரர் 5 ஆண்டும் மாலுமி 3 ஆண்டும் ஆசியாவில் பணியாற்ற வேண்டும். இரு நூற்றாண்டுகளில் ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் இவ்வாறு கப்பலேறினர், அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஐரோப்பாவுக்குத் திரும்பவில்லை. போரில் கை, கால், கண் இழந்தவருக்கு இன்ன உறுப்புக்கு இவ்வளவு என்று கம்பெனியின் ஒழுங்குவிதிகள் ஒரு தொகையை வரையறுத்திருந்தன. வலக்கைக்கு இடக்கையைவிட விலை கூடுதல். அத்தொகை கைக்கு வந்ததோடு கணக்கு முடிந்தது. காய்ச்சலாலும் வயிற்றுக்கடுப்பாலும் நலிந்து போனவருக்கு அந்த விலைப்பட்டியலில் இடமே இல்லை.

கோட்டையிலும் கப்பலிலும் மருத்துவம் பார்த்தவர்கள் பல்கலைக்கழகத்தில் பயின்றவர்கள் அல்லர். சவரத் தொழிலோடு அறுவைத் தொழிலையும் கைவேலையாகக் கற்ற, ஐரோப்பாவில் ஒரே சங்கமாக இயங்கிய ரணவைத்தியர்களே. அவர்களுடைய மருந்துப் பெட்டி ஆம்ஸ்டர்டாமிலிருந்து மாதக்கணக்கில் கடல்வழி வந்ததால் சரக்குகள் வீரியம் குன்றிக் கெட்டன. இந்திய அங்காடியில் வாங்கப்பட்ட சரக்கே ஐரோப்பாவுக்குப் போய் மருந்தாகித் திரும்பி வருகிறது என்று மலபாரின் டச்சு ஆளுநர் வான் ரீட் சுட்டிக்காட்டினார். 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த அவருடைய தாவர நூலுக்குப் பின்னிருந்த காரணங்களில் இதுவும் ஒன்று. பழவேற்காட்டுக்கு அத்தகைய நூல் வாய்க்கவில்லை. அங்கு எஞ்சியிருப்பது கல்லறைத் தோட்டம். எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கிய வாயிலைக் கடந்தால் காணும் வேலைப்பாடு மிக்க கற்கள் பெரும்பாலும் அதிகாரிகள், வணிகர்கள், அவர்தம் மனைவி மக்களுடையவை. சாதாரணச் சிப்பாய்க்குச் செதுக்குக் கல்லுக்கான வசதி இல்லை.

1621இல் டச்சுக்காரரின் கூட்டாளிகளாகப் பழவேற்காட்டில் கடை வைத்த ஆங்கிலேயர், இரண்டே ஆண்டில் விலகி, ஏரியின் வடபுறத்து ஆர்மகானில் (இன்றைய துகராஜபட்டினம்) சில காலம் தங்கி, 1639இல் சென்னப்பட்டினத்துக்கு இடம் பெற்றனர். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து நோயுற்ற சிப்பாய்களுக்காக 1664இல் அவர்கள் தொடங்கிய மருத்துவமனையே இன்றைய சென்னை அரசு பொது மருத்துவமனையின் தொடக்கம். ஆனால் அது பணியில் இருப்பவரை மீண்டும் காவலுக்கு அனுப்புவதற்கான இடம். இனிப் பணிக்கு உதவார் என்று மருத்துவக் குழு சான்றளித்தவரை அக்காலப் படைவழக்கில் ‘இன்வாலிட்’ என்றனர்; அவருக்கான முதல் நிலையான ஏற்பாடு 1770இல் உருவான கிளைவ் நிதி. மீர் ஜாபர் தமக்கு விட்டுச்சென்ற ஐந்து இலட்சம் ரூபாயை மூலதனமாக்கி ராபர்ட் கிளைவ் நிறுவிய இந்நிதியிலிருந்து, ஊனமுற்ற ஐரோப்பிய வீரரும் அதிகாரிகளும் அவர்தம் கைம்பெண்களும் ஓய்வூதியம் பெற்றனர். வங்காள நவாபின் செல்வத்தில் முளைத்த அந்த நிதி இந்தியச் சிப்பாய்க்கு எதுவும் தரவில்லை என்பதும், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை முடியரசிடம் போனபின் 1863இல் பிரபுக்கள் சபையின் தீர்ப்பால் மூலதனம் கிளைவின் வாரிசுகளுக்கே திரும்பியது என்பதும், அறக்கொடை என்ற பெயரை ஓரளவு கேள்விக்குள்ளாக்குகின்றன.

இந்தியச் சிப்பாய்க்கு வழி வேறாக இருந்தது. வங்காளப் படையினருக்குப் பாகல்பூர்ப் பகுதியில் தரிசு நிலங்கள் மானியமாக வழங்கப்பட்டன. சென்னைப் படையில் இன்வாலிட் ஓய்வூதியமும், கோட்டை, கருவூலக் காவல் போன்ற இலகுவான பணிகளுக்கென அமைந்த முதுவீரர் படைப்பிரிவுகளும் இருந்தன. ஐரோப்பிய முதுவீரர் பிரிவு விசாகப்பட்டினத்தில் நிறுத்தப்பட்டது. நலம் தேறவேண்டிய ஐரோப்பியர் பூந்தமல்லிக்கு அனுப்பப்பட்டனர். 1781இல் அயர் கூட் ஐதர் அலியின் படையிடமிருந்து கைப்பற்றியதும், பின்னர் கம்பெனியின் இளம் அதிகாரிகள் பயிற்சி பெற்றதுமான திருப்பாச்சூர், ஐரோப்பிய ஓய்வூதியர் குடியிருப்பாயிற்று. திருவள்ளூரை அடுத்த அவ்வூரும் பழவேற்காடும் இன்று ஒரே மாவட்டத்தில் உள்ளன. படைவிட்டவர் எங்கே வாழ்வது என்பதைச் சொந்த ஊரைவிடச் சம்பளக் கச்சேரியும் ரணவைத்தியரும் இருந்த இடமே தீர்மானித்தது.

அவர்கள் உடலில் சுமந்த நோய்களில் சில, மருந்தே தந்தவை. சென்னையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஆனெஸ்லி போன்ற மருத்துவர்கள் ஈரல் அழற்சிக்கும் கடுப்புக்கும் கலோமெல் என்னும் பாதரச உப்பை, அதாவது தமிழ் மருத்துவர் பூரம் என்று அழைக்கும் சரக்கை, ஒரு வேளைக்கு 20 கிரெயின், ஏறக்குறைய 1.3 கிராம் வரை கொடுத்தனர். எச்சில் பெருகி வாய் புண்ணாவதே மருந்து வேலை செய்வதன் அறிகுறி என்று கருதப்பட்டது; ஈறு கரைந்து பல் உதிர்வது அதன் விலை. பூரத்தைச் சிறிய அளவில், சுத்தி செய்த பிறகே கையாண்ட உள்ளூர் மருத்துவர்களுக்கு இந்த அளவு வியப்பூட்டியிருக்கக்கூடும். அதே சென்னைப் படையின் ரணவைத்தியரான ஒயிட்லா ஐன்ஸ்லி 1813இல் வெளியிட்ட மருந்துப்பொருள் நூலில் கடைத்தெருச் சரக்குகளைத் தமிழ்ப் பெயரோடு பதிவு செய்தார் என்பதால், படை மருத்துவம் நாட்டுமருந்துக் கடையை அறியாமல் இருந்தது என்றும் கூற முடியாது. 1860களில் நீலகிரியில் சிங்கோனா மரம் வேரூன்றி, அதன் பட்டையிலிருந்து கொயினா வடிக்கப்பட்ட பின்னரே, மீண்டும் மீண்டும் வரும் முறைக்காய்ச்சலுக்கு நம்பத்தக்க மருந்து இம்மாகாணத்திலேயே கிடைத்தது.

இரண்டாம் உலகப் போர் இக்கதையைப் பெருக்கியது. பர்மா முனையில் தோலை மஞ்சளாக்கும் மெபக்ரின் மாத்திரையை நாள்தோறும் விழுங்கிய வீரர்களில் மிகப் பலர், போர் முடிந்ததும் ஓய்வூதியத்துக்கான பணிக்காலம் நிரம்பாமலேயே விடுவிக்கப்பட்டனர். ஊனத்துக்கு ஓய்வூதியம் கேட்டவர், அந்நோய் படைப்பணியால் உண்டானது அல்லது மோசமானது என்று மருத்துவக் குழு ஒப்புக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பணியில் சேரும்போது குறை எதுவும் பதியப்படாதவர் நலமாகவே சேர்ந்தார் என்று கொள்ளவேண்டும், அவ்வாறில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுடையது என்று உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் தெளிவுபடுத்தியது 2013இல்தான்.

2003 ஏப்ரல் 1இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம், ஒருமுறை செலுத்தும் தொகைக்கு ஈடாக, ஓய்வூதியருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் பாலிகிளினிக் எனப்படும் புறநோயாளர் நிலையங்களில் மருத்துவரையும் மருந்தையும், அங்கிருந்து பரிந்துரைக்கப்படும் மருத்துவமனைகளில் கட்டணமில்லாச் சிகிச்சையையும் அளிக்கிறது. இந்த நிலையங்களும் படைமுகாம்களையும் நகரங்களையும் ஒட்டியே அமைவதால், ஏரிக்கரைக் குப்பங்களில் வாழும் ஒருவர் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைக்காகப் பொன்னேரி, மீஞ்சூர் வழியே சென்னைப் பக்கம் போகவேண்டியுள்ளது. திருப்பாச்சூர்க் காலத்து ஓய்வூதியர் கச்சேரியை அடுத்துக் குடியேறியதற்கும் இதே தொலைவுதான் காரணம். திட்டத்தில் சேர முதல் தகுதியாக ஓய்வூதியம் பெறுவது வைக்கப்பட்டதால், பர்மாவிலிருந்து ஓய்வூதியமின்றித் திரும்பியவர்கள் அதற்கு வெளியே நின்றனர். 2019இல் அவர்களுக்கும் அது திறக்கப்பட்டபோது, 1945இல் இருபது வயதினராக இருந்தவருக்குத் தொண்ணூற்று நான்கு வயதாகியிருந்தது.