வண்டலூர் கார்களும் எஃப்.சி.யும்

சொந்தக் காரை ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோகச் சொல்லும் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. ‘எஃப்.சி.’ என்று எல்லோரும் சொல்லும் தகுதிச் சான்று, 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திலிருந்தே லாரி, பேருந்து, டாக்சி ஆகியவற்றுக்கு உரியது. டாக்சிக்காரர் எஃப்.சி. முடிந்தால் வண்டியை எடுக்க முடியாது. முன்பு, பக்கத்து வீட்டில் அதே ஆண்டு வாங்கிய சொந்தக் காரை ஒரு முறை பதிவு செய்தால் போதுமாக இருந்தது. அதன் பிறகு யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

இந்த நிலையை 1988-ஆம் ஆண்டின் சட்டம் மாற்றியது. 1989 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, சொந்த வாகனத்தின் பதிவு 15 ஆண்டுக்கே செல்லும் என்றது. சட்டம் வருவதற்கு முன் பதிவான வண்டிகளையும் அது விடவில்லை. 15 ஆண்டு முடிந்தால் வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை. 1950களிலும் 60களிலும் வாங்கப்பட்ட கார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சோதனைக்கு உரியவை ஆயின.

தென்சென்னைப் புறநகரான தாம்பரம் பகுதிக்கு 1989 ஜூலை என்ற இந்தத் தேதி தனிப் பொருள் உடையது. ஜி.எஸ்.டி. சாலையில், பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடையே, ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. 1948-இல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனம் முதலில் வான்கார்டு கார்களைப் பூட்டி விற்றது. பிறகு ஸ்டாண்டர்டு 8, 10 என்ற சிறிய கார்கள் வந்தன. 1961-இல் வந்த ஹெரால்டுதான் ஊரெங்கும் பெயர் சொன்ன வண்டி. இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்று ஓடிய கார், இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நான்கு கதவு வைத்த மார்க் 3 இந்தியாவுக்கென்றே செய்யப்பட்டது. 1970களில் கெசல் வந்தது. கடைசியாக 1985-இல், ரோவர் காரின் உடம்பில் பழைய வான்கார்டு வழி வந்த எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 வெளியானது. அது விற்கவில்லை. 1988-இல் உற்பத்தி நின்றது.

அடுத்த ஆண்டே புதிய சட்டம். வண்டலூரில் செய்த கார்களை அரசு சோதித்துப் பார்க்கத் தொடங்கியபோது, அவற்றைச் செய்த தொழிற்சாலையில் உற்பத்தி நின்றுபோயிருந்தது. இந்தப் பகுதியின் பழைய கார் வரலாற்றில் இதைவிட முக்கியமான தற்செயல் வேறில்லை. அம்பாசடருக்கும் பத்மினிக்கும் அப்போதும் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்ததால் அவற்றின் பாகங்கள் எந்தக் கடையிலும் கிடைத்தன. ஹெரால்டு வைத்திருந்தவர் புதுப்பேட்டையில் உடைத்த வண்டிகளின் குவியலில் தேடவேண்டியிருந்தது. கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கடைந்து வாங்க வேண்டியிருந்தது.

சோதனை செய்பவர் மோட்டார் வாகன ஆய்வாளர். மக்கள் வாயில் அவர் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’. அந்தப் பெயரே எது முதலில் பார்க்கப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறது. சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் தாளில் பென்சிலால் தேய்த்து எடுத்த படிவம் வண்டியோடு போக வேண்டும், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும். துருவேறிய பழைய வண்டியில் எண் தெரியாமல் போனால், ஓட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேலை அங்கேயே நிற்கும். பிறகு விளக்குகள், ஹாரன், வைப்பர், கண்ணாடி, சைலன்சர், ஸ்பீடோமீட்டர், பிரேக். ஸ்டியரிங் சக்கரத்தில் 30 பாகைக்கு மேல் வெற்றாட்டம் இருக்கக்கூடாது என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. புகைச் சோதனையில் பாரத் ஸ்டேஜ் 2 என்ற மாசு வரையறைக்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காடு வரை அனுமதி உண்டு. பாரத் ஸ்டேஜ் 2, 3 கார்களுக்கு 0.5 விழுக்காடுதான். கார்புரேட்டரைச் சரியாக அமைத்த பழைய எஞ்சின் 3 விழுக்காட்டுக்குள் நிற்பது கடினமில்லை.

ஹெரால்டு போன்ற வண்டி எங்கே தோற்கும் என்பது அதன் கட்டமைப்பில் இருக்கிறது. அதற்குத் தனி சேஸிஸ் உண்டு. உடம்பு அதன்மேல் போல்ட்டுகளால் இறுக்கப்பட்டது. பானெட் முழுவதும் முன்பக்கமாகச் சாயும். எஞ்சினும் முன் சஸ்பென்ஷனும் கைக்கு நேராக வந்துவிடும். பட்டறைக்காரருக்கு இவ்வளவு வசதியான கார் குறைவு. ஆனால் சேஸிஸின் பக்கவாட்டுக் கைகள் துருப்பிடிப்பதை மேலிருந்து பார்க்க முடியாது. முன்சக்கரங்களைத் தாங்கும் திருகுமூட்டான டிரன்னியனுக்குக் கெட்டியான கியர் ஆயில் விடவேண்டும் என்பது தயாரித்தவர்களின் அறிவுரை. கிரீஸ் அடித்துப் பழகிய கை அங்கும் கிரீஸை அடைத்தால், உள்ளே தேய்ந்து, ஒரு நாள் மூட்டு முறிந்து சக்கரம் சாய்ந்துவிடும். நல்ல ஆய்வாளர் ஜாக்கி வைத்துச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தால் இது தெரியும். வெளிப்பூச்சை மட்டும் பார்ப்பவருக்குத் தெரியாது.

பார்வைக்காகச் செய்யும் வேலையும் இதனால்தான் வளர்ந்தது. சொந்தக் காருக்கும் ‘எஃப்.சி. வேலை’ என்றால் பல பட்டறைகளில் டிங்கரிங், பட்டி, பெயின்டிங் என்றே பொருள். துருத் துளையைப் பட்டி வைத்து மூடி மேலே பெயின்ட் அடித்த வண்டி சோதனையில் தேறலாம். அடுத்த மழைக்குத் தாங்காது. நீலாங்கரை, பாலவாக்கம் பக்கத்து உப்புக்காற்று இதை விரைவாக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் மேற்குத் தாம்பரத்திலும் நின்ற தண்ணீர் கார்களின் பிரேக் டிரம்முக்குள்ளும் கியர்பெட்டிக்குள்ளும் போனது. அப்படி நனைந்த வண்டி உலர்ந்ததும் ஓடிவிடும், ஆனால் மூடிய இரும்புக் குழல்களுக்குள் துரு அன்றே வேலையைத் தொடங்கிவிடும்.

பழைய கார் என்றாலே தோற்கும் என்பது உண்மையில்லை. ஆண்டுச் சோதனை 1960-இல் தொடங்கிய பிரிட்டனில் இதற்குக் கணக்கு உண்டு. 1960-க்கு முன் செய்த வண்டிகளில் தோற்றவை 10 விழுக்காட்டுக்கும் குறைவு. பிந்தையவற்றில் 30 விழுக்காட்டுக்கும் மேல். இதைக் காட்டியே 2012-இல் அந்தப் பழைய வண்டிகளுக்கும், 2018-இல் பெரிய மாற்றம் செய்யப்படாத, 40 ஆண்டைக் கடந்த கார்களுக்கும் அங்கே விலக்கு தரப்பட்டது. காரணம் எளிது. 1960-க்கு முந்தைய அந்த வண்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு ஆண்டுக்கு 800 கிலோமீட்டர்கூட ஓடுவதில்லை. வைத்திருப்பவர் அவற்றைக் கண்ணுங்கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறார். தென்சென்னைப் புறநகரில் ஹெரால்டு அப்படித் தொடங்கவில்லை. அது தினமும் அலுவலகம் போன வண்டி. தேய்ந்து, கைமாறி, பலவும் புதுப்பேட்டைக்கே போய்ச் சேர்ந்தன. இன்று மிச்சம் இருப்பவை அக்கறையுள்ள கைகளில் இருப்பவை. அவை தேறுவதற்கு அந்தக் கைகளே காரணம்.

தாம்பரம் டி.என். 11, மீனம்பாக்கம் டி.என். 22, சோழிங்கநல்லூர் டி.என். 14 என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் பிரிந்த பிறகும் விதி மாறவில்லை. 15 ஆண்டு கடந்த சொந்த வண்டிக்குப் பசுமை வரி சேர்ந்தது. காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025-இல் 10,000 ஆனது. ஆனாலும் டெல்லியில் வந்ததுபோல 15 ஆண்டு முடிந்த பெட்ரோல் காரை வயதுக்காகவே சாலையிலிருந்து விலக்கும் தடை இங்கே இல்லை. வண்டி நன்றாக இருந்தால் ஓடலாம் என்பது நியாயமான கொள்கை. அதற்குரிய சோதனையை 5 ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் வைத்திருப்பது குறை. டிரன்னியன் தேய 5 ஆண்டு தேவையில்லை.

2021 ஜூலையில் 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கெனத் தனிப் பதிவு வந்தது. எண்ணின் நடுவில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் இருக்கும். கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். அந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கே எடுக்கலாம், அன்றாட ஓட்டத்துக்குக் கூடாது. 1970களின் தொடக்கத்தில் வண்டலூரில் செய்த கார்கள் வரை இப்போது இந்த வரம்புக்குள் வந்துவிட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான விதிகளும் வெளியாயின. உருளைகளின்மேல் சக்கரத்தை ஓட்டி பிரேக்கின் விசையை அளக்கும் கருவிக்குப் பட்டியும் பெயின்ட்டும் தெரியாது. இந்த நிலையங்களைக் கட்டாயமாக்கும் தேதி பலமுறை தள்ளிப்போனது. அவை பரவும்போது ஹெரால்டின் நான்கு டிரம் பிரேக்குகளும் சமமாகப் பிடிக்கின்றனவா என்பது எண்ணாக எழுதப்படும்.