ஏப்ரலும் ஓகஸ்டும்: யாழ்ப்பாணத்து அதிபரின் இரு விடுமுறைகள்

தமிழ்நாட்டுத் தலைமை ஆசிரியருக்கு மே மாதத்தை அடக்கிய ஒரே நீண்ட கோடை விடுமுறை வாய்க்கிறது. யாழ்ப்பாணத்து அதிபருக்கு அப்படி இல்லை. மூன்று தவணைகள் கொண்ட கல்வியாண்டில் அவருடைய ஓய்வும் வழமையாக ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் என மூன்று துண்டாகிறது. டிசம்பரில் மழை, ஆண்டு முடிவு வேலைகள். ஆகவே கோடை என்று சொல்லத்தக்கவை முதல் இரண்டுந்தான். (நோன்பு மாதத்தை ஒட்டி விடுமுறை வகுக்கும் ஒஸ்மானியாக் கல்லூரி போன்ற முஸ்லிம் பாடசாலைகளின் கணக்கு வேறு.) படிப்பு, குடும்பம், மாணவர் வேலை என்ற மூன்றுக்கும் இவற்றில் எது இடம் தருகிறது?

ஏப்ரலுக்கு வரும்போது அதிபர் களைத்திருப்பார். இல்ல மெய்வல்லுநர் போட்டி முதலாம் தவணையில்தான் நடக்கும். யாழ் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் வடக்கின் பெருஞ்சமர் மார்ச்சில் வரும். அது முடிய, தவணைப் பரீட்சை, தேர்ச்சி அறிக்கை. பிறகு கிடைக்கும் சில நாட்களைச் சித்திரை வருடப்பிறப்பு எடுத்துக்கொள்கிறது. மருத்துநீர் வைத்து முழுகி, கைவிசேடம் கொடுத்து, மூத்தவர்களைப் பார்த்துவர, ஒழுங்கையில் போர்த்தேங்காய் அடிக்கும் சத்தமும் ஓயும். இது முழுக்கக் குடும்பத்தின் விடுமுறை, அப்படியே இருக்கட்டும். வீட்டில் இருக்கும் அதிபரை வலயக் கல்விப் பணிமனையும் பழைய மாணவர் சங்கமும் அந்தச் சில நாட்களாவது கூப்பிடாமல் இருக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பிள்ளைகளுக்குச் செயற்றிட்டம் கொடுக்கவும் இது காலமல்ல. ஏப்ரலில் கேட்டால், கடையில் வாங்கி ஒட்டிய படங்கள்தான் வரும்.

ஓகஸ்ட் வேறு மாதிரி. சோளகக் காற்று வீசும். ஆடி அமாவாசைக்குப் பின் நல்லூரில் கொடியேறி, இருபத்தைந்து நாள் ஊரே கோயில் பக்கம் திரும்பியிருக்கும். ரொறொன்ரோவிலும் லண்டனிலும் பள்ளிகள் பூட்டும் காலம் என்பதால் புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளோடு வந்திறங்குவார்கள். அதிபரின் வீட்டிலும் அண்ணன், தங்கை குடும்பங்கள் நிறையும். ஏப்ரலில் ஊரில் உள்ள உறவு கூடுகிறது. ஓகஸ்டில் கடல் கடந்த உறவு கூடுகிறது. அந்தக் கூட்டத்தில் பழைய மாணவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் பெரும்பாலும் கட்டடத்துக்குக் காசு கேட்கிறோம். பொறியியலாளராகவோ தாதியாகவோ வந்தவரை உயர்தர வகுப்போடு இரண்டு மணித்தியாலம் இருந்து பேசச் சொன்னால், பிள்ளைகளோடு பின்வாங்கில் இருக்கும் அதிபரும் படிப்பார். பயிற்சிப் பட்டறைகளில் கிடைக்காத படிப்பு அது.

மாணவரைப் பற்றிய படிப்பு நல்லூர் வீதியில் கிடைக்கிறது. திருவிழாவில் சாரணர்களும் சென் ஜோன் அம்புலன்ஸ் படைப் பிள்ளைகளும் தொண்டு செய்கிறார்கள். வகுப்பில் வாய் திறக்காதவன், சனத்துக்குள் வழி தவறிய ஆச்சியைக் கைபிடித்துக் கூட்டிவருவான். அந்தப் பிள்ளையைத் தேர்ச்சி அறிக்கையில் காணமுடியாது. இப்படி வகுப்பறைக்கு வெளியே வளர்வதை மதித்த மரபு இங்கே பழையது. 1924இல் மாணவர் காங்கிரஸ் உருவாவதில் முன்னின்றவரும், அதன் அழைப்பில் 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வரக் காரணமானவர்களில் ஒருவருமான ஹன்டி பேரின்பநாயகம்தான் பின்னாளில் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபரானார்.

ஓகஸ்டுக்கும் ஒரு குறை இருந்தது. 2019 வரை க.பொ.த. உயர்தரப் பரீட்சை அந்த மாதத்தில்தான் நடந்தது. பாடசாலை பரீட்சை நிலையமாகிவிட, அதிபருக்கு விடுமுறை பெயருக்குத்தான். கொரோனாவுக்குப் பின் பரீட்சை வேறு மாதங்களுக்குப் போனது. விடுபட்ட நாட்களை ரியூசன் கொட்டில்கள் பிடித்துக்கொண்டன. இதுதான் எனக்கு வலிக்கிறது, ஏனென்றால் ஓகஸ்டைப் போல மாணவர் வேலைக்குப் பொருந்திய மாதம் குடாநாட்டில் வேறில்லை.

பனம்பழத்தையே எடுப்போம். ஓகஸ்டில் பழம் விழும். களியைப் பிசைந்து, பாயில் படைபடையாக ஊற்றி வெயிலில் காயவிட்டால் பனாட்டு. விதைகளைப் பாத்தியில் புதைத்தால் மாரி மழையில் முளைத்துப் பனங்கிழங்கு. அதை அவிக்காமல் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், இடித்தால் கூழுக்கு மா. தாவரவியல், மனைப்பொருளியல், கணக்கு எல்லாம் இதற்குள் இருக்கின்றன. அம்மம்மாவிடம் கேட்டு எழுதினால் தமிழும் வரும். கனடாவிலிருந்து வந்த மச்சான் அதைப் படம் பிடித்துக் கொடுப்பான். ஏப்ரல் செயற்றிட்டத்தைப் போல ஒரே இரவில் ஒட்டி முடிக்கவும் முடியாது. பாடசாலைக் காணியின் ஒரு மூலையில் பாத்தி போட்டு, வகுப்புக்கு இத்தனை விதை என்று எண்ணிப் புதைக்கலாம். மூன்றாம் தவணை முழுக்க அதிபர் காலைக் கூட்டத்துக்குப் போகும் வழியில் அதைப் பார்க்கலாம். தைப்பொங்கலை ஒட்டிக் கிழங்கு கிண்டும்போது, எத்தனை முளைத்தன, எத்தனை அழுகின, ஏன் என்பதை ஓகஸ்டில் தொடங்கிய அதே கொப்பியில் அதே பிள்ளை எழுதி முடிக்கலாம்.